தனித்தனியே சரி, சேர்த்து நெய்தால்?

நம் சங்கத்துக் குடும்பங்களில் மென்பொருள் வேலையில் ஒருவர்கூட இல்லாத வீடு இன்று அபூர்வம். பிள்ளையோ மருமகளோ ராத்திரி பதினொரு மணிக்குக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு யாரிடமோ வாதாடிக்கொண்டிருப்பார்கள். என்ன விஷயம் என்று கேட்டால், "நான் எழுதினதும் சரியா இருக்கு, அவர் எழுதினதும் சரியா இருக்கு, ரெண்டும் சேர்ந்தாத்தான் தப்பா வருது" என்று பதில் வரும். கேட்பதற்குச் சாக்குப்போக்கு மாதிரி இருக்கும். சாக்கு இல்லை. இந்த ஒரு வாக்கியத்துக்குள் ஒரு தனி ஆராய்ச்சித் துறையே அடங்கியிருக்கிறது. அதை நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் புரியும்படி எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பட்டுப்புடவை வியாபாரிக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். ஆரணியில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்து, மும்பையில் நாற்பது வருஷமாகப் புடவை விற்கிறவன் நான். கணினிக்காரர்கள் தங்கள் முறை ஒன்றுக்கு 'நெசவு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும், அது என்னதான் நெசவு என்று பார்க்கத் தோன்றியது. புத்தகங்களை வாங்கி, கடை அடைத்த பிறகு உட்கார்ந்து படித்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த முறை எதற்காகப் பிறந்தது? ஒரு ஜவுளிக் கடைக்கு நிரல் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பில் போடுவது ஒரு பகுதி, சரக்கு இருப்பு ஒரு பகுதி, திரும்பி வந்த புடவையை வரவு வைப்பது ஒரு பகுதி, ஆள் சம்பளம் ஒரு பகுதி. இவை அலமாரித் தட்டுகள் மாதிரி தனித்தனியே நிற்கும். ஆனால் சில காரியங்கள் எந்தத் தட்டிலும் அடங்காது. யார், எந்த நேரத்தில், எதைத் தொட்டார் என்ற பதிவு எல்லாத் தட்டிலும் வேண்டும். இவருக்கு இதைச் செய்ய அனுமதி உண்டா என்ற விசாரிப்பு எல்லா வாசலிலும் வேண்டும். பாதியில் மின்சாரம் போனால் கணக்கு அரைகுறையாக நிற்காமல் பழைய நிலைக்குத் திரும்பும் ஏற்பாடும் எங்கும் வேண்டும். சாதாரண முறையில் இதே வரிகளை இருநூறு இடத்தில் எழுதுவார்கள். நாளைக்குப் பதிவு எழுதும் விதத்தை மாற்ற வேண்டுமானால் இருநூறு இடத்தையும் தேடிப் பிடிக்க வேண்டும். நூற்றுத் தொண்ணூற்றெட்டைத் திருத்திவிட்டு இரண்டை விட்டால், போச்சு.

ஒரு சமயத்தில் ஒரு பொறுப்பை மட்டும் தனியே எடுத்து யோசிக்க வேண்டும் என்ற கருத்தை ஹாலந்து நாட்டுக் கணினி அறிஞர் டெய்க்ஸ்ட்ரா 1974இல் எழுதிவைத்தார். எல்லா இடத்திலும் ஊடுருவிக் கிடக்கும் பொறுப்பை எப்படித் தனியே எடுப்பது? அதற்கு வழி சொன்னவர்கள் அமெரிக்காவின் பாலோ ஆல்டோவில் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் இருந்த கிரெகர் கிக்சாலெஸும் அவர் குழுவினரும். 1997இல் ஃபின்லாந்தில் நடந்த ஐரோப்பிய மாநாட்டில் 'ஆஸ்பெக்ட்' வழி நிரலாக்கம் என்ற கட்டுரையை அவர்கள் அளித்தார்கள். பிறகு ஜாவா மொழிக்காக ஆஸ்பெக்ட்ஜே என்ற கருவி அதே ஆய்வகத்தில் உருவாகி, 2002 டிசம்பரில் எக்லிப்ஸ் என்ற பொதுத் திட்டத்தின் கைக்கு மாறியது.

ஆஸ்பெக்டை நான் தமிழில் 'ஊடுபொறுப்பு' என்று சொல்லிக்கொள்கிறேன். அதற்கு இரண்டு பாகம். எங்கே என்பது ஒன்று, என்ன என்பது மற்றொன்று. "பில் சம்பந்தப்பட்ட ஒவ்வொரு செயலும் தொடங்கும் இடத்தில்" என்பது எங்கே. இதை பாயின்ட்கட் என்பார்கள். "நேரத்தையும் பெயரையும் எழுதிவை" என்பது என்ன. இதற்கு அட்வைஸ் என்று பெயர். இந்த அட்வைஸ் செயலுக்கு முன்னால் வரலாம், பின்னால் வரலாம், செயலைச் சுற்றியும் வரலாம். சுற்றி வருவதுதான் விஷமம் நிறைந்தது. உள்ளே இருக்கும் செயலை ஒரு முறை நடத்துவதா, மூன்று முறை நடத்துவதா, நடத்தாமலே திருப்பி அனுப்புவதா என்று அதுவே தீர்மானிக்கலாம். முக்கிய நிரல் பாவு. ஊடுபொறுப்புகள் ஊடை நூல். இரண்டையும் இணைக்கும் கருவிக்குப் பெயரே 'வீவர்', அதாவது நெசவாளி. பாவு ஓட்டுகிறவர் ஊடையில் எந்த நிறம் வரப்போகிறது என்று தெரியாமலே ஓட்டிக்கொண்டிருப்பார்.

இந்தத் தெரியாமைதான் இம்முறையின் பெருமை என்று 2000இல் ஃபில்மன், ஃப்ரீட்மன் என்ற இருவர் எழுதினார்கள். முக்கிய நிரல் எழுதுகிறவருக்கு ஊடுபொறுப்பு இருப்பதே தெரிய வேண்டாம். நல்லதுதான். ஆனால் ஒரு ஊடுபொறுப்புக்கு மற்றொரு ஊடுபொறுப்பு இருப்பதும் தெரியாதே! வம்பு தொடங்குவது அங்கேதான். நீலப் பாவில் பச்சை ஊடை ஓடினால் நீலமும் இல்லை, பச்சையும் இல்லை, மயில்கழுத்து கிடைக்கும். புடவையில் அதற்குக் கூடுதல் விலை. கணக்கு எழுதும் நிரலில் யாரும் கேட்காத மயில்கழுத்து வந்தால் என்ன செய்வது?

எளிய கணக்கு ஒன்றிலிருந்து ஆரம்பிப்போம். 10,000 ரூபாய்ப் புடவை. தள்ளுபடி ஒரு பொறுப்பு, வரி ஒரு பொறுப்பு. தள்ளுபடி 10 சதவீதம், வரி 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் தள்ளுபடி: 9,000. அதன்மேல் வரி போட்டால் 9,450. இப்போது திருப்பிப் போடுங்கள். முதலில் வரி: 10,500. அதில் 10 சதவீதம் கழித்தால் மறுபடியும் 9,450. வரிசை மாறினாலும் விடை மாறவில்லை. சோதித்தவர் திருப்தியாகப் போய்விடுவார். அடுத்த மாதம் கடைக்காரர் சதவீதத்தை எடுத்துவிட்டு 'ரொக்கமாக 1,000 ரூபாய் கழிவு' என்று அறிவிக்கிறார். முதலில் கழிவு: 9,000, வரியோடு 9,450. முதலில் வரி: 10,500, கழிவு போக 9,500. ஐம்பது ரூபாய் இடிக்கிறது. பில்லிலேயே காட்டிய தள்ளுபடியைக் கழித்த மதிப்புக்குத்தான் வரி என்று 2017ஆம் வருஷத்து மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே 9,450தான் சரி. தள்ளுபடிப் பகுதியைத் தனியே சோதித்தால் தேறும். வரிப் பகுதியும் தேறும். தப்பு இரண்டிலும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. போன மாதம் வரை இல்லாத தப்பு இந்த மாதம் முளைத்தது என்பதையும் கவனியுங்கள்.

ஐம்பது ரூபாயோடு போவதாக இருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. 2018 மே மாதம் ட்விட்டர் நிறுவனம் (இப்போது எக்ஸ்) தன் பயனர்கள் அத்தனை பேரையும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளச் சொன்னது. அப்போது அவர்கள் எண்ணிக்கை சுமார் 33 கோடி. கடவுச்சொல்லை யாரும் அப்படியே வைத்திருக்க மாட்டார்கள். திரும்ப அவிழ்க்க முடியாத முடிச்சாக்கித்தான் வைப்பார்கள். அங்கேயும் முடிச்சுப் போடும் பொறுப்பு ஒழுங்காகவே இருந்தது. நடப்பதையெல்லாம் எழுதிவைக்கும் பதிவுப் பொறுப்பும் இருந்தது. ஆனால் முடிச்சுப் போட்டு முடிவதற்கு முன்பே கடவுச்சொல் உள் பதிவேட்டில் விழுந்துவிட்டது. ஃபேஸ்புக்கிலும் கோடிக்கணக்கான கடவுச்சொற்கள் உள் கோப்புகளில் திறந்தபடி கிடந்ததாக 2019 மார்ச்சில் வெளிவந்தது. அதற்காக அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 செப்டம்பரில் அதன் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 9 கோடியே 10 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. இம்மாதிரி ஆபத்தை ஊடுபொறுப்பு ஆராய்ச்சியாளர்கள் பல வருஷம் முன்பிருந்தே பாடப்புத்தக உதாரணமாகச் சொல்லிவந்தார்கள்: பதிவு முந்தினால் ரகசியம் வெளியே, முடிச்சு முந்தினால் ரகசியம் உள்ளே.

நம் கடை அனுபவம் ஒன்றையும் சொல்கிறேன். பில் போட்டவுடன் வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தி போகும்படி நிரல்காரர்கள் ஒரு பொறுப்பு சேர்த்தார்கள். சில மாதம் கழித்து, இணையம் தடுமாறினால் பில்லைத் தானாகவே மறுபடி அனுப்பிப் பார்க்கும் 'மறுமுயற்சி' என்ற இன்னொரு பொறுப்பைச் சேர்த்தார்கள். ஒரு மழை நாளில் வாடிக்கைக்கார மாமி ஒருத்தர் போன் செய்து, "என்ன நயினார், எடுத்தது ஒரு புடவை, மூணு புடவைக்குப் பணம் கேக்கறேளே?" என்றார். மறுமுயற்சி வெளியே சுற்றிக்கொண்டிருக்கிறது, குறுஞ்செய்தி உள்ளே உட்கார்ந்திருக்கிறது. மூன்று முறை முயன்றது, மூன்று செய்தி போனது. வெளியே இருப்பதை உள்ளேயும் உள்ளே இருப்பதை வெளியேயும் மாற்றியதும் ஒரு பில்லுக்கு ஒரு செய்தி என்று ஆயிற்று.

இதைவிட நுட்பமான ஜோடி ஒன்று உண்டு. இதை நிதானமாகப் படியுங்கள். புடவையின் கொள்முதல் விலையை முதலாளி மட்டும் பார்க்கலாம், விற்பனைப் பையன் பார்க்கக் கூடாது. இது அனுமதிப் பொறுப்பு. ஒரே கேள்வியை மீண்டும் மீண்டும் கிடங்கில் போய்த் தேடாமல், முதல் விடையை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு அதையே கொடுப்பது நினைவுப் பொறுப்பு. கேஷ் என்பார்கள். நினைவு வெளியிலும் அனுமதி உள்ளேயும் இருந்தால் என்ன ஆகும்? காலையில் முதலாளி ஒரு புடவையின் கொள்முதல் விலையைக் கேட்கிறார். அனுமதி உண்டு, விலை வருகிறது, நினைவு அதைக் குறித்துக்கொள்கிறது. மத்தியானம் பையன் அதே கேள்வியைக் கேட்கிறான். நினைவு தன் கையில் இருக்கும் விடையை நீட்டிவிடுகிறது. அனுமதி விசாரிப்பு வரை கேள்வி போகவே இல்லை! காவல்காரர் வாசலில் விழித்துக்கொண்டுதான் இருக்கிறார், சாமான் ஜன்னல் வழியாகப் போய்விட்டது. சோதனை செய்கிறவர் பையன் பெயரில் மட்டும் கேட்டுப் பார்த்தால், 'அனுமதி இல்லை' என்று ஒழுங்காக விடை வரும். முதலாளி முதலில் கேட்டு, பிறகு பையன் கேட்டால்தான் ஓட்டை தெரியும். சோதனையால் மட்டும் குறுக்கீட்டைப் பிடிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

மோதல் எல்லாமே வரிசையால் வருவதில்லை. ஒன்று மற்றதை நடக்கவே விடாமல் செய்யலாம். அனுமதி மறுத்துத் திருப்பி அனுப்பிவிட்டால், அதற்கு உள்ளே இருக்கும் பதிவுப் பொறுப்புக்கு வேலையே இல்லை. யார் யார் திருட்டுத்தனமாக முயன்றார்கள் என்ற, முதலாளிக்கு மிக வேண்டிய தகவல் பதிவாகாது. இன்னொரு வகையில் ஒரு பொறுப்பு தன் காலிலேயே விழும். 'எல்லாச் செயலையும் பதிவு செய்' என்று எழுதினால், பதிவு செய்வதும் ஒரு செயல்தானே? அதையும் பதிவு செய்யப் போய், அந்தப் பதிவையும் பதிவு செய்யப் போய், முடிவே இல்லாமல் சுழலும். ஆஸ்பெக்ட்ஜே கற்பவர்கள் முதல் வாரத்திலேயே இதில் மாட்டிக்கொள்வது வழக்கம்.

இவற்றைக் கண்டுபிடிக்கும் வழிகளுக்கு வருவோம். பிரான்சில் டூவான்ஸ், ஃப்ராடே, ஸூட்ஹோல்ட் ஆகிய மூவர் 2002இல் காட்டியது முதல் வழி. இரண்டு பொறுப்புகளின் 'எங்கே'யை எடுத்து ஒப்பிட வேண்டும். எந்த நிரலிலும் அவை ஒரே இடத்தில் சந்திக்காது என்று நிரூபிக்க முடிந்தால் அது பலமான சுதந்திரம். இந்த ஒரு நிரலில் மட்டும் சந்திக்காது என்றால் அதுவும் சுதந்திரம்தான், ஆனால் நிரல் மாறினால் மறுபடி பார்க்க வேண்டும். சந்திக்கும் இடங்களைக் கருவி பட்டியல் போட்டுக் கொடுக்கும், எழுதியவர் வரிசையைத் தீர்மானித்துக்கொள்ளலாம். நல்ல வழி, ஆனால் கொஞ்சம் பயந்த சுபாவம். சந்தித்தால் மோதல் என்று அர்த்தமில்லை. சதவீதத் தள்ளுபடியும் வரியும் சந்தித்தும் மோதவில்லையே!

ஹாலந்தின் ட்வென்ட்டே பல்கலைக்கழகத்தாரின் வழி வியாபாரிக்குப் பிடிக்கும் வழி. பெர்க்மன்ஸ், டுர், அக்‌ஷித் முதலானோர் செய்தது. ஒவ்வொரு பொறுப்பும் எந்தெந்தப் பொருளைத் தொடுகிறது, எப்படித் தொடுகிறது என்று பேரேடு எழுதுவது. செய்தி என்ற பொருளுக்கு ஒரு பக்கம்: பதிவு அதைப் படிக்கிறது, முடிச்சு அதை மாற்றுகிறது. அப்புறம் கூடாத வரிசைகள் இவை என்று சில விதிகளை முன்கூட்டியே எழுதிவைப்பது. 'மாற்றுவதற்கு முன் வெளியே எழுதாதே' என்பது ஒரு விதி. நெய்த பிறகு ஒவ்வொரு இடத்திலும் விழுந்த தொடுகைகளின் வரிசையை அந்த விதிகளோடு கருவி ஒப்பிடும். கடைக் கணக்குப்பிள்ளை வரவு செலவை டிக் அடித்துப் பார்ப்பது போல. விதியில் எழுதாத மோதல் மட்டும் தப்பிவிடும்.

எனக்கு அதிகம் பிடித்தது இஸ்ரேலின் ஹைஃபா நகரில் டெக்னியான் கழகத்தைச் சேர்ந்த ஷ்முவேல் காட்ஸ், எமிலியா காட்ஸ் இருவரும் 2008இல் விளக்கிய வழி. இதைச் சொல்லப் பள்ளிக்கூடத்தில் படித்த இலக்கணமே போதும். செம்மை + தாமரை = செந்தாமரை. முதலில் ஈறு போதல், 'மை' போய் 'செம்' நிற்கும். அப்புறம் முன்னின்ற மெய் திரிதல், 'ம்' 'ந்' ஆகும். இரண்டாவது விதியை முதலிலேயே கொண்டுபோய் வைத்தால் அதற்குத் திரிக்க ஒன்றுமே இல்லை. தகரத்துக்கு முன்னால் நிற்பது 'மை', மெய்யெழுத்து இல்லை. ஆகவே ஒவ்வொரு விதிக்கும் ஓர் எதிர்பார்ப்பு உண்டு, தன் வேலை முடிந்ததும் அது தரும் வாக்கு ஒன்றும் உண்டு. பவணந்தி முனிவர் நன்னூலில் பண்புப்பெயர்ப் புணர்ச்சிக்குச் சொன்ன இவ்விதிகளில், முன்னது தரும் வாக்கு பின்னதின் எதிர்பார்ப்பை நிறைவேற்றுகிறது.

ஊடுபொறுப்புக்கும் அப்படியே எழுதச் சொல்கிறார்கள். குறுஞ்செய்தியின் எதிர்பார்ப்பு: இந்த இடம் ஒரு பில்லுக்கு ஒரே முறை வரும். அதன் வாக்கு: ஒரு பில்லுக்கு ஒரே செய்தி போகும். அனுமதியின் வாக்கு: உரிமை இல்லாதவர் கைக்குக் கொள்முதல் விலை போகாது. பிறகு ஜோடி ஜோடியாக இரண்டு கேள்வி. முதலாவதை நெய்த பிறகு இரண்டாவதின் எதிர்பார்ப்பு கெடாமல் இருக்கிறதா? இரண்டாவதை நெய்த பிறகு முதலாவது தந்த வாக்கு கெடாமல் இருக்கிறதா? மறுமுயற்சி வந்ததும் குறுஞ்செய்தியின் வாக்கு உடைகிறது. நினைவு வெளியே வந்ததும் அனுமதியின் வாக்கு உடைகிறது. இரண்டும் இங்கேயே பிடிபட்டுவிடும். முக்கிய நிரல் என்னவென்றே தெரிய வேண்டாம். எதிர்பார்ப்புகளுக்குப் பொருந்தும் எல்லா நிரல்களுக்கும் பொதுவான ஒரு மாதிரியை வைத்து, மாடல் செக்கிங் முறையில், வரக்கூடிய நிலைகள் அத்தனையையும் கருவியே ஆராய்ந்துவிடும். அந்த முறையை உருவாக்கிய கிளார்க், எமர்சன், சிஃபாகிஸ் மூவருக்கும் 2007ஆம் வருஷத்து ட்யூரிங் பரிசு கிடைத்தது.

இதில் உள்ள லாபத்தைப் பாருங்கள். பத்து ஊடுபொறுப்புகளை வரிசைப்படுத்த 36,28,800 விதம் உண்டு. அத்தனையையும் யார் சோதிப்பது? ஜோடியாகப் பார்த்தால், முன்பின் இரண்டு வரிசைக்கும் சேர்த்து 90தான். ஒவ்வொரு பொறுப்பும் தனியே சரியாக இருந்து, அந்த 90உம் தேறினால், எத்தனை பேரை எந்த வரிசையில் சேர்த்தாலும் குறுக்கீடு இராது என்று அவர்கள் நிரூபித்திருக்கிறார்கள். சிரமம் ஒன்றுதான். எதிர்பார்ப்பையும் வாக்கையும் கணிதக் குறியீட்டில் யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும். வேலைக்குக் கெடு வைத்திருக்கும் கம்பெனியில் அதற்கு எங்கே நேரம்?

அதனால்தான் நடைமுறையில் பெரும்பாலும் வரிசையை மட்டும் எழுதிவைத்துச் சமாளிக்கிறார்கள். எது முந்தி என்று அறிவிக்க ஆஸ்பெக்ட்ஜேயில் தனி வாக்கியம் உண்டு. நம் பிள்ளைகள் பலர் வேலை செய்யும் ஸ்பிரிங் என்ற சட்டகத்தில் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுக்கலாம், சிறிய எண் வெளியே நிற்கும். எண் கொடுக்காமல் விட்டால்? வரிசைக்கு உத்தரவாதம் கிடையாது என்று அவர்கள் ஆவணமே சொல்கிறது. இன்றைக்குச் சரியாக ஓடுவது நாளைக்குக் கருவியின் புதுப் பதிப்பு வந்ததும் வேறு வரிசையில் ஓடலாம். ஆஸ்பெக்ட் என்ற பெயர் இன்று முன்போல் மேடையில் ஒலிப்பதில்லை. ஆனால் இணையச் சேவைகளில் கோரிக்கை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போகும் வடிகட்டிகளும் இதே ஜாதிதான், அங்கேயும் இதே சண்டைதான்.

நம் கடை நிரலில் ஏழு ஊடுபொறுப்புகள்: பதிவு, அனுமதி, நினைவு, மறுமுயற்சி, குறுஞ்செய்தி, தள்ளுபடி, வரி. குறியீடு எதுவும் வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் எதிர்பார்ப்பு ஒரு வரி, வாக்கு ஒரு வரி தமிழிலேயே எழுதுவோம் என்று, நிரலைப் பராமரிக்கும் பையனோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். ஏழு என்றால் 21 ஜோடி. பெரும்பாலானவை ஒன்றையொன்று தொடவே இல்லை. தொட்டவற்றில் அநேகம் வரிசையை நிர்ணயித்ததும் அடங்கின. பதிவும் மறுமுயற்சியும் மட்டும் எந்த வரிசையிலும் அடங்கவில்லை. பதிவு உள்ளே இருந்தால் ஒரு பில்லுக்கு மூன்று வரி விழுகிறது, ஆடிட்டர் ஒப்ப மாட்டார். வெளியே இருந்தால் தோற்ற முயற்சிகள் மறைந்துபோகின்றன, இணையம் எப்போது தடுமாறியது என்று பையனுக்குத் தெரியாது. கடைசியில் பதிவையே இரண்டாகப் பிரித்தோம். ஆடிட்டருக்கு ஒன்று வெளியே, பையனுக்கு ஒன்று உள்ளே. ஏழு எட்டாயிற்று, 21 ஜோடி 28 ஆயிற்று. புதிதாக முளைத்த ஏழில் ஐந்தைப் பார்த்தாயிற்று. மீதி இரண்டு, தீபாவளி வியாபாரம் முடிந்த பிறகு.